நெல்லிக்காயும் குரோமியமும்: பழச்சாறு எதிர்ப்புச் செல்களைக் காப்பது எந்த இடத்தில்?

நெல்லிக்காயை இரும்பு அரிவாள்மணையில் அரிந்தால் சிறிது நேரத்தில் வெட்டுவாயும் காயின் சதையும் கருநீலமாக மாறிவிடும். ஊறுகாய் போடுகிறவர்கள் நெல்லியை ஆவியில் வேகவைத்துக் கையாலேயே சுளை சுளையாகப் பிரித்தெடுப்பதற்கு இதுவும் ஒரு காரணம். காயில் உள்ள டானின் என்னும் துவர்ப்புப் பொருள் இரும்பைப் பற்றிக்கொள்வதால் வரும் நிறம் அது. கடுக்காய்ச் சாற்றில் அன்னபேதி என்னும் இரும்பு உப்பைக் கலந்து எழுதும் மை செய்த பழைய முறையிலும் இதே வேதியியல்தான் இருந்தது. அந்தத் துவர்ப்பு நாக்கில் படும்போது உமிழ்நீரின் புரதங்களைப் பற்றி வாயை உலரச் செய்கிறது. ஆட்டுத்தோலில் படும்போது அதன் கொலாஜன் இழைகளைப் பற்றி, அழுகாத தோலாக ஆக்குகிறது. உலோகத்தையும் புரதத்தையும் பற்றும் இந்தக் குணமும், நெல்லியில் இதனோடு சேர்ந்திருக்கும் வைட்டமின் சி எலக்ட்ரானை எளிதில் விட்டுக்கொடுக்கும் குணமும்தான், நச்சு உலோகங்களிடமிருந்து நோய் எதிர்ப்புச் செல்களை இந்தப் பழச்சாறு காக்குமா என்ற கேள்வியை ஆய்வுக்கூடங்களுக்குக் கொண்டுவந்தன.

இந்தக் கேள்வி தமிழ்நாட்டில் பாலாற்றங்கரைக்கு மிக நெருக்கமானது. வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டைப் பகுதிகளில் தோல் பதனிடுவது ஒரு காலத்தில் ஆவாரம்பட்டையையும் கடுக்காயையும் நம்பி நடந்த தொழில். தொட்டியில் ஊறிய தோல் பதமாக வாரக்கணக்கில் நாள் பிடித்தது. 1970களில் பாதி பதனிட்ட தோலை ஏற்றுமதி செய்வதை மத்திய அரசு கட்டுப்படுத்தி, முழுமையாக்கிய தோலை அனுப்ப ஊக்கம் கொடுத்தபின், குரோமியம் கொண்டு பதனிடும் முறை வேகமாகப் பரவியது. பட்டை முறையில் வாரக்கணக்கில் ஆன வேலை, சுழலும் டிரம்மில் குரோமிய உப்போடு சேரும்போது ஒரு நாளுக்குள் முடிந்துவிடுகிறது. டிரம்மிலிருந்து வெளிவரும் ஈரத்தோல் வெளிர் நீலமாக இருப்பதால் டேனரிகளில் அதற்கு வெட் புளூ என்றே பெயர். போட்ட குரோமியத்தில் வழக்கமான முறையில் சுமார் 60 முதல் 70 சதவீதம் வரையே தோலில் ஏறும். மிச்சம் கழிவுநீரோடு வெளியேறும். கடுக்காயின் துவர்ப்பு இருந்த இடத்தில் குரோமியம் வந்து அமர்ந்ததும், இப்போது அந்தக் குரோமியத்துக்கு முறிவாகக் கடுக்காயைப் போன்றே துவர்க்கும் நெல்லியின் துவர்ப்பை ஆய்வுக்கூடத்தில் சோதிப்பதும், ஒரே பொருளின் இரண்டு பயணங்களாக எனக்குத் தோன்றுகின்றன.

குரோமியம் என்று பொதுவாகச் சொல்வது போதாது. எத்தனை எலக்ட்ரான்களை இழந்த நிலையில் இருக்கிறது என்பதைப் பொறுத்து அதன் குணம் மாறும். தோலை நீலமாக்கும் குரோமியம்-3 வேறு. நச்சுத்தன்மைக்குப் பேர்போன குரோமியம்-6 வேறு. முன்னது செல்லின் சவ்வைக் கடந்து உள்ளே செல்ல மிகவும் திணறும். பின்னது குரோமேட் என்ற வடிவில் இருக்கிறது. அதன் அமைப்பு உடலுக்கு அன்றாடம் தேவைப்படும் சல்ஃபேட்டையும் பாஸ்ஃபேட்டையும் ஒத்திருப்பதால், அவற்றுக்காகத் திறக்கும் வாயில்கள் வழியாகவே செல்லுக்குள் நுழைந்துவிடுகிறது. உள்ளே போனதும் அங்கிருக்கும் வைட்டமின் சி, குளுட்டதயோன் போன்றவற்றிடமிருந்து எலக்ட்ரான்களைப் பெற்றுப் படிப்படியாகக் குரோமியம்-3 ஆகிறது. நடுவில் தோன்றும் குரோமியம்-5, குரோமியம்-4 என்ற நிலையற்ற வடிவங்களும், அவற்றோடு உருவாகும் தனி உறுப்புகள் (ஃப்ரீ ராடிக்கல்) எனப்படும் வினைவேகம் மிக்க மூலக்கூறுகளும் டிஎன்ஏவையும் சவ்வுகளையும் சிதைக்கின்றன. முடிவில் உண்டாகும் குரோமியம்-3 வெளியேற வழியின்றி டிஎன்ஏவோடு ஒட்டிக்கொள்கிறது. குரோமியம்-6 மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது என்பதை உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1990இலேயே உறுதிசெய்து முதல் பிரிவில் வைத்தது. குடிநீரில் மொத்தக் குரோமியம் லிட்டருக்கு 0.05 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது இந்தியத் தர நிர்ணயம்.

ராணிப்பேட்டையில் நேர்ந்த பெருங்கேட்டுக்குத் தோல் பதனிடும் தொழில் மட்டும் காரணமல்ல. அந்தத் தொழிலுக்குக் குரோமிய உப்பு தயாரித்துக் கொடுத்த குரோமேட் தொழிற்சாலையும் காரணம். குரோமைட் தாதுவைச் சோடாவோடு வறுத்துக் குரோமியம்-6 எடுக்கும் அந்த ஆலை 1990களில் மூடப்பட்டபோது, ஒன்றரை லட்சம் டன்னுக்கும் மேற்பட்ட கழிவு திறந்த வெளியில் குவிந்து கிடந்தது. மழை பெய்யும்போதெல்லாம் அது கரைந்து நிலத்தடி நீரில் மஞ்சளாக இறங்கியது. 1996 ஆகஸ்டில் வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம், மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கோட்பாட்டை இந்தியச் சட்டத்தின் பகுதியாக அறிவித்துத் தோல் ஆலைகளின் மீது அபராதம் விதித்தது. ஆனாலும் 2006இல் வெளியான உலகின் மிக மோசமாக மாசடைந்த 10 இடங்களின் பட்டியலில் ராணிப்பேட்டையின் பெயர் இருந்தது.

அந்த ஊர்களில் வாழ்கிறவர்களின் எதிர்ப்பு மண்டலத்தைக் குரோமியம் இரண்டு விதமாகத் தாக்கக்கூடும். ஒன்று எல்லோர் கண்ணுக்கும் தெரிவது: கையிலும் முன்கையிலும் அரிப்பு, வெடிப்பு, நீர்கசிவு. தோலுக்குள் நுழைந்த குரோமியம் அங்குள்ள புரதங்களோடு சேர்ந்து புதிய உருவம் பெற, டி செல்கள் என்னும் வெள்ளணுக்கள் அதை அந்நியப் பொருளாக நினைவில் பதித்துக்கொள்கின்றன. அதன்பின் சிறு அளவு பட்டாலும் ஓரிரு நாளில் தோல் கொந்தளிக்கும். இது எதிர்ப்பு மண்டலம் அளவு மீறி இயங்குவதால் வரும் துன்பம். மற்றொன்று கண்ணுக்குத் தெரியாதது: லிம்ஃபோசைட் எனப்படும் வெள்ளணுக்கள் பெருகும் திறன் குறைவதும், கிருமியை விழுங்கும் மேக்ரோஃபேஜ்கள் சோர்வதும். பழச்சாறு ஆய்வுகள் பெரும்பாலும் இந்த இரண்டாவதைப் பற்றியவை. ‘எதிர்ப்புச் சக்தியைக் கூட்டும்’ என்ற விளம்பர வாசகம் முதல் வகைத் துன்பத்தில் இருப்பவருக்கு எந்த வகையிலும் பொருந்தாது என்பதை இந்த இடத்திலேயே சொல்லிவிட வேண்டும்.

டெல்லியில் உள்ள டிபாஸ் என்னும் பாதுகாப்புத் துறையின் உடலியல் ஆய்வு நிறுவனம் 2002இல் நெல்லியைப் பற்றிய ஓர் ஆய்வை வெளியிட்டது. ஏறக்குறைய அதே காலத்தில் லடாக்கில் விளையும் சீபக்தார்ன் பழத்தையும் இலையையும் வைத்து இதே போன்ற சோதனைகளை அந்த நிறுவனத்திலேயே செய்தார்கள். இவ்வகைச் சோதனை நடக்கும் விதத்தைக் கிட்டே நின்று பார்ப்பது நல்லது. எலியின் மண்ணீரலை எடுத்து மெல்லிய வலையில் தேய்த்துச் செல்களைத் தனித்தனியாக்கி, சிவப்பணுக்களை நீக்கிவிட்டு, ரோஜா நிற ஊட்டநீரில் மிதக்க விடுவார்கள். ஒரு விரல்கூட நுழையாத 96 சிறு குழிகள் கொண்ட பிளாஸ்டிக் தட்டில் அந்த நீரைச் சொட்டுச் சொட்டாகப் பிரித்து, 37 டிகிரி வெப்பத்தில் வைப்பார்கள். சில குழிகளில் குரோமியம்-6, சிலவற்றில் நெல்லிச் சாறு, சிலவற்றில் இரண்டும். பிறகு வாளவரை இனத்து விதையிலிருந்து எடுத்த கான்கனவாலின் என்ற புரதத்தைச் சேர்த்தால், நலமாக இருக்கும் டி செல்கள் கிருமி வந்துவிட்டது என்று எண்ணிப் பெருகத் தொடங்கும். குரோமியம் சேர்ந்த குழிகளில் அந்தப் பெருக்கம் தடைபட்டது. டிஎன்ஏ துண்டு துண்டாகிச் செல்கள் மாண்டன. நெல்லியும் சேர்ந்த குழிகளில் தனி உறுப்புகள் குறைந்தன, செல்கள் பிழைத்தன, பெருக்கம் மீண்டது. டி செல்கள் ஒன்றுக்கொன்று செய்தி சொல்ல வெளிவிடும் இன்டர்லூக்கின்-2, காமா இன்டர்ஃபெரான் ஆகிய இரண்டும் கணிசமாகத் திரும்பின.

இது பொய்யான முடிவு அல்ல. அதைக் குறைத்து மதிப்பிடவும் கூடாது. ஆனால் ஒரே குழியில் நஞ்சும் சாறும் சேர்ந்து நிற்கும்போது, சாறு செல்லுக்கு வலிமை கொடுத்ததா, அல்லது நஞ்சு செல்லை எட்டுவதற்கு முன்பே அதன் பல்லைப் பிடுங்கிவிட்டதா என்ற கேள்வி எழுகிறது. வைட்டமின் சி குரோமியம்-6ஐக் கண்ட உடன் எலக்ட்ரான் கொடுத்துக் குரோமியம்-3 ஆக ஒடுக்கக்கூடியது. இதைக் கல்லூரி ஆய்வகத்தில் எவரும் பார்க்கலாம்: ஆரஞ்சு நிற டைக்குரோமேட் கரைசலில் அமிலம் சேர்த்து வைட்டமின் சி கரைசலை ஊற்றினால் பச்சையாகத் தெளியும். தோல் தொழிலுக்கான குரோமிய உப்பையே இப்படித்தான் செய்கிறார்கள். கந்தக அமிலம் கலந்த டைக்குரோமேட்டில் சர்க்கரை ஆலையின் மொலாசஸைச் சேர்த்தால், அதிலுள்ள சர்க்கரை எலக்ட்ரானைக் கொடுத்துக் குரோமியத்தைப் பச்சை நீலமாக்கிவிடும். ஊட்டநீரில் இதே மாற்றம் செல்லுக்கு வெளியே நடந்திருந்தால், குரோமியம்-3 ஆக மாறிய நஞ்சு உள்ளே நுழைய முடியாமல் நின்றிருக்கும், செல் பிழைத்திருக்கும். அந்தக் காப்பும் காப்புதான். எனினும் அது செல்லின் உள்ளே நடந்த எதிர்ப்பு வலிமை அல்ல.

அளக்கும் முறையிலும் ஒரு கண்ணி உண்டு. உயிருள்ள செல்களை எண்ணப் பரவலாகப் பயன்படும் எம்டிடி என்ற மஞ்சள் சாயம், உயிருள்ள செல்லில் ஊதாவாக மாறும். வைட்டமின் சியும் துவர்ப்புப் பொருள்களும் செல் ஒன்றுகூட இல்லாத வெறும் குழியிலும் அந்தச் சாயத்தை ஊதாவாக்க வல்லவை. செல்லற்ற குழியில் சாற்றை மட்டும் வைத்துச் சரிபார்க்காத ஆய்வில் சாற்றின் நிறமே உயிரின் நிறமாக எண்ணப்பட்டுவிடும். இதற்கு எதிர்த்திசையில் இன்னொரு பிழையும் நேரும்: துவர்ப்புப் பொருள்கள் ஊட்டநீரில் நின்று காற்றோடு வினைபுரிந்து ஹைட்ரஜன் பெராக்சைடை உண்டாக்கும்; அது செல்களைக் கொல்லும்போது, சாறே நச்சு என்றோ, புற்றுநோய்ச் செல்லைக் கொல்லும் மருந்து என்றோ தவறாக எழுதிவிட வாய்ப்புண்டு. மூலிகைச் சாறுகள் குறித்த ஆய்வுகளைப் படிக்கும்போது நான் முதலில் தேடுவது இந்தச் சரிபார்ப்புகளைத்தான்.

இதைவிட ஆழமான சிக்கல் செல்லின் உள்ளே இருக்கிறது. வழக்கமான ஊட்டநீரில் வைட்டமின் சி கிடையாது. ஆகையால் தட்டில் வளரும் செல்களில் அது ஏறக்குறைய இல்லை. உடலில் வாழும் வெள்ளணுவோ அதைத் தன்னுள் மிகுதியாகச் சேர்த்து வைத்திருக்கும். அப்படிச் சேர்த்து வைத்திருக்கும் செல்லுக்குள் குரோமியம்-6 புகுந்தால், அதை ஒடுக்கும் முதல் ஆள் அந்த வைட்டமின் சிதான். அந்த ஒடுக்கத்தின் வழியிலேயே டிஎன்ஏவோடு குரோமியம் ஒட்டுவதும் நிகழ்கிறது. வெளியே நின்றால் காவலனாகும் அதே பொருள், நஞ்சு உள்ளே நுழைந்தபின் சேதத்துக்கும் துணைபோகக்கூடும். ‘ஆன்டிஆக்சிடன்ட்’ என்ற ஒற்றைச் சொல்லால் இந்த இரண்டு நிலைகளையும் மூடிவிடுவதுதான் இந்தத் துறையில் நடக்கும் மிகப் பெரிய குழப்பம்.

விலங்குச் சோதனைகள் தட்டிலிருந்து ஒரு படி மேலே வருகின்றன. ஆனால் எலியும் சுண்டெலியும் தமக்குத் தேவையான வைட்டமின் சியைத் தம் ஈரலிலேயே செய்துகொள்கின்றன, மனிதரால் அது முடியாது. இதனால் எலிக்குக் கொடுத்த சாறு நமக்குக் கொடுத்த சாறாகிவிடாது. லக்னோ ஆய்வாளர்கள் 2013இல் சுண்டெலிகளுக்கு ஆர்சனிக்கும் நெல்லிச் சாறும் கொடுத்து, டி செல்கள் பக்குவப்படும் தைமஸ் சுரப்பியின் செல்களைப் பார்த்தபோது, சாறு கொடுத்த விலங்குகளில் செல் மரணம் குறைவாக இருந்தது. வங்காளத்திலும் பீகாரிலும் குழாய்க் கிணற்று நீரில் ஆர்சனிக் குடிக்க நேர்ந்த மக்களுக்கு இது நம்பிக்கை தரும் செய்தி. ஆனாலும் குரோமியத்துக்குச் சொன்ன விளக்கத்தை இங்கே கொண்டுவர முடியாது. ஆர்சனிக்-5 ஒடுக்கப்பட்டால் அதைவிடக் கொடிய ஆர்சனிக்-3 ஆகும். எலக்ட்ரான் கொடுப்பது அங்கே நஞ்சை முறிக்கும் வழியே அல்ல. அந்த விலங்குகளில் சாறு உதவியிருந்தால், நஞ்சு கிளப்பிய ஆக்சிஜனேற்றச் சூட்டைத் தணித்ததாலோ, அழற்சியைக் குறைத்ததாலோதான் உதவியிருக்க வேண்டும். ‘நச்சு உலோகங்களிலிருந்து காக்கும்’ என்று எல்லா உலோகத்தையும் ஒரே மூட்டையில் கட்டுவது சரியல்ல என்பதற்கு இது போதிய சான்று.

நெல்லியின் ஆற்றல் வைட்டமின் சியால் வருகிறதா, துவர்ப்பால் வருகிறதா என்ற வாதம் பழையது. சென்னைப் பல்கலைக்கழக உயிர்வேதியியல் ஆய்வாளர்கள் இருவர் 1936லேயே நெல்லியிலிருந்து ஒரு டானினைப் பிரித்தெடுத்து, அது வைட்டமின் சியை ஆக்சிஜனேற்றத்திலிருந்து காக்கிறது என்று காட்டினார்கள். நெல்லியை உலர்த்தி நெல்லிமுள்ளியாக வைத்தாலும் அதன் வைட்டமின் சி முற்றிலும் வீணாவதில்லை என்பதற்கு அது நல்ல விளக்கம். அந்தக் கண்டுபிடிப்பு நம் ஊரிலிருந்து வந்தது என்பதை இங்கு நிறைவோடு பதிவுசெய்கிறேன். 2006இல் வந்த ஓர் ஆய்வு, பழத்தின் ஆக்சிஜனேற்றத் தடுப்புத் திறனில் 45 முதல் 70 சதவீதம் வரை வைட்டமின் சியின் பங்கு என்று கணக்கிட்டது. பழைய உணவு அட்டவணைகளில் 100 கிராம் நெல்லிக்கு 600 மில்லிகிராம் என்று இருந்த வைட்டமின் சி, ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2017 அட்டவணையில் சுமார் 250 மில்லிகிராமாகப் பதிவானது. அப்படிப் பார்த்தாலும் நடுத்தரமான ஒரு காய் ஒரு நாள் தேவைக்குப் போதுமானது.

அதற்கு மேல் சாப்பிடுவதால் எதிர்ப்புச் செல்களுக்குக் கூடுதல் பயன் உண்டா? 1996இல் அமெரிக்காவில் 7 இளைஞர்களை மருத்துவமனையில் தங்கவைத்து, வைட்டமின் சியைப் படிப்படியாகக் கூட்டிக் கொடுத்து அளந்தார்கள். நாளொன்றுக்கு 100 மில்லிகிராமிலேயே அவர்களுடைய வெள்ளணுக்கள் நிரம்பிவிட்டன. அவற்றுக்குள் இருந்த செறிவு இரத்த நீரில் இருந்ததைப் போல 14 மடங்குக்கும் மேல். அதன்பின் கூட்டிக் கொடுத்தது பெரும்பாலும் சிறுநீரில் போயிற்று. துவர்ப்புப் பொருள்களின் கதை வேறு. அவற்றில் ஒரு வகையான எல்லாஜிடானின்கள் முழுதாக இரத்தத்தில் ஏறுவதில்லை. குடலில் உடைந்து எல்லாஜிக் அமிலமாகி, குடல் நுண்ணுயிர்களால் யூரோலித்தின் என்ற சிறு மூலக்கூறுகளாக மாறி, குறைந்த அளவில் உள்ளே போகின்றன. எந்த நுண்ணுயிர் யார் குடலில் இருக்கிறது என்பதைப் பொறுத்து இதுவும் ஆளுக்கு ஆள் மாறும். 96 குழித் தட்டில் மண்ணீரல் செல்லைத் தொட்ட துவர்ப்பு, சாப்பிட்ட மனிதரின் மண்ணீரலை அதே உருவில் தொடுவதே இல்லை.

சாறு விற்பனைக்கு வரும்போது இன்னொரு கவலை சேர்கிறது. 2004இல் வெளியான ஓர் ஆய்வுக்காக அமெரிக்காவின் பாஸ்டன் நகரக் கடைகளில் வாங்கிய 70 ஆயுர்வேதத் தயாரிப்புகளைச் சோதித்தபோது, 14இல் ஈயமோ பாதரசமோ ஆர்சனிக்கோ இருந்தது தெரியவந்தது. நச்சு உலோகத்திலிருந்து காக்க வாங்கும் பொடியில் அதே உலோகம் இருப்பது யாருக்கும் நேரக் கூடாத கொடுமை. முழுப் பழமாகச் சாப்பிடும்போது இந்த ஐயம் வெகுவாகக் குறைகிறது. செறிவூட்டிய சாறும் மாத்திரையும் வாங்குகிறவர்கள் உலோகச் சோதனைச் சான்றைக் கேட்பது நியாயம்.

எலக்ட்ரானைக் கொடுக்கும் வேலை உடலுக்கு வெளியேயும் உடலின் வாசலிலும் நடக்கும்போது அதன் பலன் ஐயத்துக்கு இடமின்றித் தெரிகிறது. நம் உமிழ்நீரும் இரைப்பை நீரும் விழுங்கிய குரோமியம்-6இல் பெரும்பகுதியைக் குரோமியம்-3 ஆக்கிவிடுகின்றன. ஆனால் அளவு மிகும்போதும் நாள் கணக்கில் தொடரும்போதும் அந்தக் காவல் தளரும். அமெரிக்கத் தேசிய நச்சியல் திட்டம் 2008இல் வெளியிட்ட ஆய்வில், குடிநீரில் டைக்குரோமேட் கொடுத்த எலிகளுக்கு வாயிலும் சுண்டெலிகளுக்குச் சிறுகுடலிலும் கட்டிகள் வந்தன. உணவோடு சேர்த்த நெல்லி இரைப்பையின் இந்த ஒடுக்கும் திறனைக் கூட்டக்கூடும் என்பது வேதியியல்படி பொருத்தமான எதிர்பார்ப்பு. நெல்லியின் பயனை நான் முதலில் தேடும் இடம் அதுதான், மண்ணீரல் அல்ல. மூச்சு வழியே நுரையீரலுக்குப் போகும் குரோமேட் தூசுக்கும், வெறுங்கையில் படும் கரைசலுக்கும், வயிற்றில் உள்ள நெல்லி எதுவும் செய்ய இயலாது. அங்கே தேவைப்படுவது கையுறை, முகக்கவசம், காற்று வெளியேற்றி.

தோலின் வாசலுக்கு ஐரோப்பாவில் ஒரு தெளிவான எடுத்துக்காட்டு இருக்கிறது. சிமெண்டில் சிறு அளவில் இருக்கும் குரோமியம்-6 கட்டடத் தொழிலாளரின் கையில் தீராத அரிப்பை உண்டாக்கி வந்தது. டென்மார்க் 1980களின் தொடக்கத்திலேயே சிமெண்டில் ஃபெரஸ் சல்ஃபேட் சேர்க்கச் செய்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2005 முதல் குரோமியம்-6 பத்து லட்சத்தில் 2 பங்கைத் தாண்டக் கூடாது என்று சட்டமாக்கியது. கட்டடத் தொழிலாளரிடையே குரோமிய ஒவ்வாமை குறைந்தது. அந்த ஃபெரஸ் சல்ஃபேட் வேறு எதுவும் அல்ல, கடுக்காய் மைக்குப் போட்ட அன்னபேதிதான். குரோமேட் ஊறிய மண்ணையும் நிலத்தடி நீரையும் சரிசெய்யவும் உலகின் பல இடங்களில் இதையே பயன்படுத்துகிறார்கள்.

நெல்லி மனிதருக்கு உதவுகிறதா என்று அறிய விரும்பினால் அதற்கு ஒரு நேரான வழி உண்டு. இரத்தத்தில் கலந்த குரோமியம்-6 சிவப்பணுவுக்குள் புகுந்து, உள்ளேயே ஒடுங்கி, ஏறத்தாழ 120 நாள் நீளும் அந்த அணுவின் ஆயுள் முடியும்வரை அங்கேயே சிறைப்படும். குரோமியம்-3 சிவப்பணுவுக்குள் போகாது. எனவே சிவப்பணுவில் உள்ள குரோமியத்தை அளந்தால், வாசலிலேயே முறிக்கப்படாமல் எவ்வளவு நஞ்சு உள்ளே தப்பி வந்தது என்று தெரிந்துவிடும். மாசுபட்ட நீரைப் பயன்படுத்த நேர்ந்த குடும்பங்களில், முதலில் நல்ல குடிநீரைக் கொடுத்துவிட்டு, அதன்பின்னும் மிஞ்சும் பாதிப்புக்காக ஒரு பகுதியினருக்குச் சாப்பாட்டோடு தினம் ஒரு நெல்லிக்காய், மற்றவர்களுக்கு அதே அளவு வைட்டமின் சி கொண்ட கொய்யா என்று கொடுத்து, நான்கு மாதம் கழித்து இரு பக்கத்தாரின் சிவப்பணுக் குரோமியத்தையும் லிம்ஃபோசைட்டுகளின் பெருக்கத்தையும் ஒப்பிட்டால், நெல்லியின் துவர்ப்புக்குத் தனிப் பங்கு உண்டா என்பது தெரிய வரும். அதற்கு ஆகும் செலவு சில நூறு பேரின் இரத்தப் பரிசோதனையும், சில மூட்டை நெல்லிக்காயும்.